கண்ணைக் கட்டலாம், தலையை எப்படிக் கட்டுறது? ஹெட்போனை எடை போட்ட கதை

போன மாசம் எங்க ரூம்ல ஒரு சின்ன பரிசோதனை நடந்தது. என்கிட்ட ரெண்டு ஹெட்போன் இருக்கு. ஒண்ணு 3,000 ரூபாய். இன்னொண்ணு போனஸ் வந்த வேகத்துல வாங்கினது, 22,000 ரூபாய். ரூம்மேட் கண்ணைத் துண்டால கட்டி, ரெண்டையும் மாத்தி மாத்தி மாட்டி விட்டேன். ஒரே பாட்டு. சத்தமும் சமமா வச்சேன், ஏன்னா சத்தம் கொஞ்சம் கூட இருந்தாலே அதுதான் நல்லா இருக்குன்னு நம்ம காது சொல்லிடும். ரெண்டாவதை மாட்டினதும், பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அவன் சொன்னான்: "மச்சி, இது உன்னோட காஸ்ட்லி ஐட்டம்தானே? கனமா இருக்கு."

டெஸ்ட் அங்கேயே முடிஞ்சு போச்சு.

ஒலி நல்லா இருக்கான்னு கேட்டா, தலை முந்திக்கிட்டு பதில் சொல்லுது. இது எங்க ரூம் பிரச்சினை மட்டும் இல்லைன்னு தேடிப் பார்த்தப்பதான் தெரிஞ்சது. ஹெட்போன் வரலாறு முழுக்க இந்தச் சண்டைதான்.

ஆரம்ப காலத்தில் "ஒலித் தரம்" என்ற கேள்வியே கிடையாது. 1880-களில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டர்கள் தோளில் சுமந்த கருவி பல கிலோ எடை. 1891-ல் எர்னெஸ்ட் மெர்காடியே என்ற பிரெஞ்சு பொறியாளர் காதுக்குள்ளேயே வைக்கிற மாதிரி ஒரு ஜோடி ரிசீவருக்கு அமெரிக்காவில் பேட்டன்ட் வாங்கினார். எடை சுமார் 50 கிராம். காதில் உரசாமல் இருக்க ரப்பர் உறை போட வேண்டும் என்பதை அப்போதே எழுதி வைத்திருக்கிறார். நம்ம இயர்போன் சிலிகான் முனைக்கு தாத்தா அது.

அடுத்து வருபவர் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள்: நதானியேல் பால்ட்வின், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்காரர். சமையலறையில் உட்கார்ந்து ஹெட்போன் செய்தவர். 1910-ல் அமெரிக்கக் கடற்படைக்கு ஒரு மாதிரியை அனுப்பி வைத்தார். கப்பலின் வயர்லெஸ் அறையில் மங்கலாக வரும் மோர்ஸ் சிக்னல் காதில் விழுகிறதா, இல்லையா? அவர்களுக்கு வேண்டியது அது ஒன்றுதான். பால்ட்வின் அனுப்பியது மற்றதைவிடத் தெளிவாகக் கேட்டது. ஆர்டர் குவிந்தது. சமையலறையில் எவ்வளவு செய்ய முடியும்? ஒரு தடவைக்குப் பத்துதான் தர முடியும் என்றாராம்.

ஆனா பாருங்க, ஒலியில் ஜெயிச்ச அந்த ஹெட்போனுக்கு வந்த புகார், தலையில் மாட்டும் பட்டை வசதியா இல்லை என்பதுதான். பால்ட்வின் உட்கார்ந்து யோசித்து, தோல் சுற்றிய இரண்டு கம்பிகளை வளைத்து, காதுப் பகுதி மேலும் கீழும் நகர்கிற மாதிரி மாற்றினார். இன்றைக்கு நீங்க மாட்டியிருக்கும் ஹெட்போனின் வடிவம் கிட்டத்தட்ட அதுதான். பேட்டன்ட் வாங்குங்கள் என்று கடற்படையே சொல்லியும், இது அற்ப விஷயம் என்று விட்டுவிட்டார். ஒலிப்பெட்டிதான் கண்டுபிடிப்பு, தலைப்பட்டை சும்மா கம்பி. பொறியாளர் புத்தி! நானும் யூஐ வேலையை அப்படித்தான் நினைத்திருந்தேன், யூசர்கள் திட்டுற வரைக்கும்.

பாட்டு கேட்பதற்கென்று ஹெட்போன் வந்தது 1958-ல். மில்வாக்கியில் ஜான் காஸ் என்பவர், மருத்துவமனை நோயாளிகளுக்கு டிவி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர், ஒரு ஸ்டீரியோ ரெக்கார்டு பிளேயரை கண்காட்சிக்குக் கொண்டு போனார். தனியாகக் கேட்க வசதியாக அதோடு ஒரு ஹெட்போனும் வைத்திருந்தார். கூட்டம் பிளேயரை விட்டுவிட்டு ஹெட்போனைப் பிடித்துக்கொண்டது. பத்து வருஷம் கழித்து, 1968-ல், ஜெர்மனியில் சென்ஹைசர் எச்டி 414 வந்தது. காதை இறுக்கி மூடாமல், மஞ்சள் ஸ்பாஞ்சை மெல்லச் சாய்த்து வைக்கிற திறந்த வகை ஹெட்போன். கனமும் இல்லை, காதும் வேர்க்காது. ஒரு கோடிக்கும் மேல் விற்றது. 1979-ல் சோனி வாக்மேனோடு வந்த ஹெட்போன் சுமார் 50 கிராம்தான். எடை குறைந்தது. ஆனா எது நல்லா ஒலிக்கிறதுன்னு யாரும் ஒழுங்கா அளக்கவில்லை.

ஸ்பீக்கர் பக்கம் கதை வேற. கனடாவில் ஃபிளாய்ட் டூல் என்ற விஞ்ஞானி ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்க வைத்தார். பிராண்ட், பளபளப்பு எதுவும் தெரியாது. ஒலி மட்டும். 1994-ல் அவரும் ஷான் ஆலிவும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், அதே ஆட்கள் அதே ஸ்பீக்கர்களுக்கு, பார்த்துக் கேட்டபோது ஒரு மார்க், பார்க்காமல் கேட்டபோது வேறு மார்க் போட்டது வெளிப்பட்டது. கேட்டவர்கள் ஆடியோ கம்பெனி ஆட்கள்.

2012 வாக்கில் ஆலிவும் டாட் வெல்ட்டியும் ஹார்மன் நிறுவனத்தில் இதையே ஹெட்போனுக்குச் செய்யப் பார்த்தார்கள். (ஹெட்போன் விற்கிற நிறுவனம்தான், அதையும் மனசுல வச்சுக்கோங்க.) திரையை எங்கே கட்டுவது? கேட்பவருக்குப் பின்னால் ஒருவர் நின்று ஒவ்வொரு ஹெட்போனாக மாட்டி விட்டார். கையால் தடவிக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று, சரிசெய்துகொள்ள ஒரு லேசான பிளாஸ்டிக் கைப்பிடி மட்டும் கொடுத்தார்கள். இவ்வளவு செய்தும் எடை தெரிந்தது, இறுக்கம் தெரிந்தது. என் ரூம்மேட் செய்ததுதான்!

அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழியைப் படித்தபோது எனக்குள் இருந்த சாஃப்ட்வேர் ஆசாமி விசில் அடித்தான். ஹெட்போனை மாற்றவே மாற்றாதே. ஒவ்வொரு ஹெட்போனும் எந்த அதிர்வெண்ணை எவ்வளவு தூக்குகிறது, எவ்வளவு இறக்குகிறது என்று அளந்துகொள். பிறகு தலையில் ஒரே ஒரு ஹெட்போனை மாட்டி, அதன் வழியாக மற்ற எல்லாவற்றையும் ஈக்வலைசரில் போலி செய். அதாவது எமுலேட்டர். தலைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. காது மட்டும் ஓட்டுப் போடும். நல்ல அறையில் நல்ல ஸ்பீக்கர் ஒலிக்கிற மாதிரி ஒலித்ததைத்தான் பெரும்பாலானவர்கள் விரும்பினார்கள். ஹார்மன் கர்வ் என்று ரிவ்யூக்களில் பார்ப்பீர்களே, அது இப்படிப் பிறந்தது. விலை? 2017-ல் யெருன் பிரேபார்ட் 283 ஹெட்போன்களை அலசினார். அதிர்வெண் அளவீட்டுக்கும் விலைக்கும் சம்பந்தமே இல்லை என்று முடித்தார். என் 22,000 ரூபாய் அன்றைக்குக் கொஞ்சம் அழுதது.

சரி, ஜெயிச்சாச்சா? இல்லை. தலையைத் தள்ளி வைத்தால் ஒலியின் ஒரு பகுதியும் சேர்ந்து போய்விடுகிறது. காதை மூடும் ஹெட்போனில் பேஸ் முழுசாக வர, மெத்தைக்கும் தோலுக்கும் நடுவில் காற்று கசியக் கூடாது. எனக்கு சோடாபுட்டி கண்ணாடி. அதன் பிரேம் காதுக்கு மேலே போகிற இடத்தில் ஒரு சின்ன இடுக்கு விழுகிறது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதே பாட்டைப் போட்டேன், பேஸ் கிட்டார் திடீர்னு வீட்டுக்கு வந்துடுச்சு! ஆறு மாசமா பேஸ் குறைவுன்னு நான் அந்த ஹெட்போனைத் திட்டிக்கிட்டு இருந்தேன். வெல்ட்டியே நிஜ மனிதத் தலைகளில் இந்தக் கசிவை அளந்திருக்கிறார். மெத்தை வசதியாகப் படிகிறதா என்பது அங்கே நேரடியாக ஒலிக் கேள்வி.

அளவெடுக்கிற பொம்மைகளில் பிரபலமானது கெமார், 1972-ல் காது கேட்கும் கருவிகளைச் சோதிக்க வந்தது. சராசரி அமெரிக்க உடல் அளவு. அதுக்கு வேர்க்காது, வலிக்காது, கண்ணாடி போடாது.

திருகாணியும் கிடையாது. போன வாரம் ஊருக்குப் போனப்ப அம்மாவுக்கு அந்த காஸ்ட்லி ஹெட்போனை மாட்டி, நம்ம எபிசோடு ஒண்ணைப் போட்டேன். முகம் மலர்ந்தது. "பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரியே இருக்குடா"ன்னாங்க. பத்து நிமிஷத்துல கழட்டிட்டாங்க. தோட்டை மெத்தை அமுக்கினதுல, பின்னாடி திருகாணி குத்தி மடல் சிவந்து போயிருந்தது. தோட்டைக் கழட்டிட்டுக் கேளுங்கம்மான்னேன். என்னைப் பார்த்த பார்வை இருக்கே! மீதி எபிசோடை போன் ஸ்பீக்கர்லதான் கேட்டாங்க, வெங்காயம் உரிச்சுக்கிட்டே.