ஜூலை 10: வேலூர்ச் சிப்பாய்ப் புரட்சி

1806ஆம் ஆண்டு இதே நாளில், பொழுது விடியுமுன் வேலூர்க் கோட்டைக்குள் துப்பாக்கிகள் வெடித்தன. கும்பினிப் படையின் இந்தியச் சிப்பாய்கள், உறங்கிக்கொண்டிருந்த ஆங்கிலேயப் படையினரைத் தாக்கிக் கோட்டையைக் கைப்பற்றினர். திப்பு சுல்தானின் கொடி ஏறியது.

காரணம் கேட்டால் மாணவர்கள் "தலைப்பாகை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். தவறில்லை. தோல் சின்னம் பதித்த புதிய தலைப்பாகையை அணியச் சொன்னதோடு, நெற்றியில் சமயக்குறி கூடாது, காதணி கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்றும் ஆணையிட்டார்கள். மே மாதத்தில் மறுத்த சிப்பாய்களுக்குக் கசையடி கிடைத்தது. ஆனால் அப்போது திப்பு வீழ்ந்து 7 ஆண்டுகளும், மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டு 5 ஆண்டுகளுமே ஆகியிருந்தன. திப்புவின் புதல்வர்கள் அதே கோட்டையில்தான் காவலில் இருந்தனர். இவற்றையும் சேர்த்து எழுதினால்தான் விடை முழுமையாகும்.

வெற்றி ஒரு பகல்கூட நிலைக்கவில்லை. ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையுடன் விரைந்து வந்தார். கோட்டை வாயில் தகர்க்கப்பட்டது. அரண்மனைக்குள் ஒதுங்கியிருந்த சுமார் 100 சிப்பாய்களை வெளியே இழுத்துவந்து, சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொன்றனர்.

பின்னர் உடை பற்றிய ஆணை திரும்பப் பெறப்பட்டது. திப்புவின் புதல்வர்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். சென்னை ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் படைத்தலைவர் ஜான் கிரடாக்கும் பதவியிழந்து இங்கிலாந்து திரும்பினர். 1829இல் உடன்கட்டை ஏறுதலைத் தடை செய்தவர் என்று நாம் படிக்கும் பெண்டிங் இவரேதான்.