ஊரும் நகரும் ஓராட்சி
செபராங் பிறையின் ஆட்சி வரலாறு

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியிலே, பட்டர்வொர்த் நகரை ஒட்டி மாக் மண்டின் என்றோர் இடம் உண்டு. அதனை ஊர் என்பதா, நகரின் ஒரு கூறு என்பதா, தொழிற்பேட்டை என்பதா என்று அறுதியிட்டுக் கூறுவது அரிது. ஒருபால் ஆலைகள், மற்றொருபால் வீடுகள், இடையே நம் பிள்ளைகள் பயிலும் தமிழ்ப் பள்ளிக்கூடம். இங்கு வீடுடைய ஒருவருக்கு ஆண்டுக்கு இருமுறை மதிப்பீட்டு வரிச் சீட்டு வருகின்றது. அதே தலைப்பிட்ட சீட்டு, வடக்கே கெப்பாளா பத்தாஸ் பக்கம் நெல்வயலோரத்து வீட்டிற்கும் வருகின்றது. தெற்கே நிபோங் திபாலில் செம்பனைத் தோட்டத்தை அடுத்த வீட்டிற்கும் வருகின்றது. மூவர் வாழ்வும் மூன்று வகை. மூவரிடமும் வரி பெறுவது ஒரே மன்றம்.

நகரத்தானையும் நாட்டுப்புறத்தானையும் ஒரு குடைக்கீழ் வைத்தாளும் இம்முறை எவ்வாறு பிறந்தது? அக்குடையின் கீழ் நிற்பவன் கை அக்குடைக் காம்பைத் தொடக்கூடுமா? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

நிலமும் எல்லையும்

செபராங் பிறை என்பதற்குப் பிறை ஆற்றின் அக்கரை என்பது பொருள். வடக்கே மூடா ஆறு, தெற்கே கிரியான் ஆற்றுச் சமவெளி, மேற்கே கடல், கிழக்கே கெடா நாடு. இடையே பிறை, ஜூரு முதலிய ஆறுகள் குறுக்கிட்டுக் கடல் சேர்கின்றன. வடபுலம் நெல் விளையும் தாழ்நிலம். நடுவில் புக்கிட் மெர்தாஜாம் குன்று எழுந்து நிற்கின்றது. அதன் அடிவாரத்தில் செரோக் தோக்குன் என்னுமிடத்துப் பாறையிலே பண்டைய இந்திய எழுத்துகள் பொறிக்கப்பட்டிருப்பதை ஜேம்ஸ் லோ என்னும் ஆங்கில அதிகாரி 1845-ஆம் ஆண்டில் கண்டறிந்தார். வெள்ளையர் வந்த பின்னரே நம் பக்கத்துக் கப்பல்கள் இக்கரையைக் கண்டன என்று எண்ணுவோர்க்கு அப்பாறை ஒன்றே போதிய மறுப்பாகும்.

பிரான்சிஸ் லைட் 1786-ஆம் ஆண்டில் பினாங்குத் தீவைக் கைக்கொண்டார். தீவிற்கு எதிர்க்கரை பிறர் கையில் இருந்தால் துறைமுகத்திற்குக் காவல் ஏது, உணவு ஏது? இக்கவலையினால் ஆங்கிலக் கம்பெனியார் 1800-ஆம் ஆண்டில் கெடா சுல்தானோடு உடன்படிக்கை செய்து, கடலோரமாக ஒடுங்கிய ஒரு நிலக் கீற்றைப் பெற்றனர். தீவிற்கும் அக்கீற்றிற்குமாகச் சேர்த்து ஆண்டுக்கு 10,000 ஸ்பானிய வெள்ளி தருவதென முடிவாயிற்று. அன்றைய கவர்னர் ஜெனரலாகிய வெல்லெஸ்லியின் பெயரே அந்நிலத்திற்கு இடப்பட்டது. பின்னெழுந்த உடன்படிக்கைகளால் அது கிழக்கு நோக்கி விரிந்தது. 1874-ஆம் ஆண்டின் பங்கோர் உடன்படிக்கை தென்னெல்லையைத் திருத்தியது. எல்லைகளை வகுத்தோர் சுல்தானும் கம்பெனியும் கவர்னருமே. எல்லைக்குள் வாழ்ந்தவனை எவரும் ஒரு சொல் கேட்டிலர்.

குடியேறியோர்

1821-ஆம் ஆண்டில் சயாமியர் கெடாவின்மீது படையெடுத்தபோது ஆயிரக்கணக்கான மலாய் மக்கள் எல்லை கடந்து இங்கு வந்து காடு திருத்திக் கழனியாக்கினர். சீனர் கரும்பு பயிரிட்டனர். 1840-களில் ஐரோப்பியரும் கரும்புத் தோட்டங்களில் முதலிட்டனர். முதல் உண்டு, நிலம் உண்டு. உழைக்கும் கைக்கு எங்கே போவது? நாகப்பட்டினத்துக் கப்பல்கள் அக்கைகளைக் கொண்டுவந்து பினாங்கில் இறக்கின. ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் பத்து காவான், நிபோங் திபால் பக்கத்துத் தோட்டங்களில் கரும்பு வெட்டினர். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய் இரப்பர் வந்தது. 1910-ஆம் ஆண்டில் ஒப்பந்த முறையும் ஒழிக்கப்பட்டது. கங்காணி முறை மேலும் சில பதின்ஆண்டுகள் நின்று 1938-இல் முடிந்தது. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பயிர்கள் மாறின, தோட்டத்து வரிசை வீடுகள் மட்டும் மாறாதிருந்தன.

ஆட்சி முறையில் இத்தோட்டங்களுக்கு ஒரு விந்தையான இடம் அளிக்கப்பட்டிருந்தது. தோட்டம் என்பது தனியார் நிலம். ஆதலின் பொதுச் சபையின் சாலையும் விளக்கும் சாக்கடையும் தோட்டத்து வாயிலோடு நின்றுவிடும். உள்ளே நல்லதோ கெட்டதோ, எல்லாம் துரையின் பொறுப்பு. இவ்வாறு நெடுங்காலம் நம்மவர் நகரத்தாராகவும் எண்ணப்பட்டிலர், கிராமத்தாராகவும் எண்ணப்பட்டிலர். பிற்காலத்தில் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போகவே, வேலையும் வீடும் ஒருங்கே இழந்த பல குடும்பங்கள் நகரோரங்களுக்கு வந்து சேர்ந்தன. மாக் மண்டின் தொழிற்பேட்டை 1960-களில் எழுந்தது. ஆலைச் சங்கு அழைத்த இடத்தில் தோட்டத்துப் பிள்ளைகளும் போய் நின்றனர்.

இரு வகைச் சபைகள்

இனி ஆட்சியின் வரலாற்றைக் காண்போம். ஜார்ஜ் டவுனில் 1800-ஆம் ஆண்டிலேயே வரி மதிப்பீட்டுக் குழு ஒன்று ஏற்பட்டது. மலாயா நாட்டு நகராட்சியின் வித்து அதுவே. 1857-ஆம் ஆண்டில் முனிசிபல் கமிஷனர்கள் அமைந்தனர். அவருள் சிலரை வரி செலுத்துவோரே தேர்ந்தெடுக்கவும் வகை செய்யப்பட்டது. 1913-ஆம் ஆண்டுச் சட்டமோ அத்தேர்தலைத் துடைத்தெறிந்து, எல்லா இடங்களையும் நியமனமாக்கிற்று. தீவின் நகரத்திற்கு முனிசிபாலிட்டி. கடலுக்கு இப்பாலுள்ள நாட்டுப்புறத்திற்குக் கிராம போர்டு. நகரத்திற்கு ஒரு நீதி, நாட்டுப்புறத்திற்கு ஒரு நீதி என்பதே வெள்ளையர் வகுத்த நெறி.

தாய்நாட்டிலும் இதே நெறிதான். சென்னை மாகாணத்தில் 1920-ஆம் ஆண்டில் நகரசபைகளுக்கென ஒரு சட்டமும் ஸ்தல போர்டுகளுக்கென வேறொரு சட்டமும் இயற்றினர். நகரத்தின் குப்பை கிராமத்து எல்லையில் கொட்டப்படும். கிராமத்தின் காய்கறி நகரச் சந்தைக்கு வரும். ஆனால் இருவரும் ஒரு பலகையில் அமர்ந்து பேசுதற்கு இடமே இல்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் காற்று மாறி வீசியது. 1951-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் ஜார்ஜ் டவுன் முனிசிபல் சபைக்கு 9 இடங்களுக்குத் தேர்தல் நடந்தது. மலாயாவில் நடந்த முதற்பெருந் தேர்தல்களில் இஃது ஒன்று. 1957-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் ஜார்ஜ் டவுன் மாநகரமாயிற்று. அடுத்த ஆண்டிலே தொழிற்கட்சியைச் சேர்ந்த டி. எஸ். இராமநாதன் மேயராகி 1961 வரை அப்பதவி வகித்தார். இந்திய வம்சத்தார் ஒருவர், கோடீசுவரருமல்லர், மக்கள் வாக்கினால் அந்நாற்காலியில் அமர்ந்தார்! செபராங் பிறையிலும் பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் நகரங்களுக்குத் தனிச் சபைகளும், சுற்றுப்புறங்களுக்கு மாவட்டச் சபைகளும் இயங்கின.

பறிபோன வாக்கு

அவ்வெளிச்சம் நீடிக்கவில்லை. இந்தோனேசியாவோடு மூண்ட பகையைக் காரணம் காட்டி 1965-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஸ்தலத் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. பகை 1966-இல் தீர்ந்தது, தேர்தல் திரும்பவில்லை. அவ்வாண்டிலேயே ஜார்ஜ் டவுன் மாநகர் மன்றத்தின் பணிகளையும் மாநில அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது.

ஸ்தல ஆட்சி முறையை ஆராய அரசாங்கம் ஓர் அரச விசாரணைக் குழுவை நியமித்தது. அதன் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன் என்னும் தமிழர். பல்லாண்டு உழைத்து அக்குழு 1968-இல் தன் அறிக்கையை முடித்தது. அதன் சாரம் இரண்டு. முந்நூறுக்கு மேற்பட்டுப் பல பெயரில் சிதறிக்கிடக்கும் சபைகளை ஒரே சீரான அமைப்புக்குள் கொண்டுவர வேண்டும் என்பது ஒன்று. அச்சபைகளை மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. 1976-ஆம் ஆண்டு ஸ்தல ஆட்சிச் சட்டம் முன்னதைப் பெரும்பாலும் ஏற்றது. பின்னதை அடியோடு நீக்கிற்று. உடலை ஏற்று உயிரைத் தள்ளியது போலாயிற்று அது.

செபராங் பிறை நகராண்மைக் கழகம் அக்காலத்தில் பிறந்ததே. நகரச் சபைகளும் மாவட்டச் சபைகளும் போய், மூடா ஆறு முதல் கிரியான் எல்லை வரை சுமார் 740 சதுர கிலோமீட்டர் நிலம் ஒரே கழகத்தின் கீழ் வந்தது. 2019-ஆம் ஆண்டு செப்டம்பரில் அது மாநகர் மன்றமாக உயர்ந்தது. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் 9 இலட்சத்து 46 ஆயிரம் பேர். மாநகரம் என்று பெயர். உள்ளே நெல்வயல் உண்டு, மீனவர் குப்பம் உண்டு, செம்பனைக் காடும் உண்டு.

இதன் வேலை முறையையும் அறிதல் வேண்டும். நிலம், பட்டா, முக்கிம் என்பன மாவட்ட அலுவலகத்தைச் சார்ந்தவை. வரி, கடை உரிமம், கட்டட அனுமதி, சாக்கடை, குப்பை, சந்தை என்பன மாநகர் மன்றத்தைச் சார்ந்தவை. மன்றத்திற்கு மேயர் ஒருவர். 8-க்குக் குறையாமலும் 24-க்கு மிகாமலும் உறுப்பினர். அனைவரையும் மாநில அரசு நியமிக்கின்றது. பெரும்பாலான இடங்கள் ஆளுங்கட்சிகளுக்குப் பங்கிடப்படுகின்றன.

ஒன்றாக்கியது நன்றா?

ஒன்றாக்கியது நன்றே என்று தயங்காமல் கூறுவேம். ஆறு நகர எல்லையைப் பார்த்து ஓடுவதில்லை. மேட்டில் அடைத்த கால்வாய் பள்ளத்து வீட்டை மூழ்கடிக்கும். ஆலையின் வரி மாக் மண்டினில் கிடைக்கின்றது. அவ்வாலையிற் பாடுபடுபவனோ பத்துக் கல் தொலைவில் உறங்குகின்றான். வருவாய் ஓரிடத்தும் தேவை மற்றோரிடத்தும் இருக்கையில், இரண்டையும் ஒரே பையிற் போட்டுப் பகிர்ந்தாலன்றி ஏழைக் கிராமம் என்றும் ஏழையாகவே கிடக்கும்.

ஆனால் பகிர்பவன் கை எவர் பக்கம் சாயும்? வாக்கு இல்லாதவிடத்தில் அது கேட்கத் தெரிந்தவன் பக்கமே சாயும். எல்லை பெருகப் பெருகச் சிறு ஊரின் குரல் குன்றும். சிறு சபை இருந்த காலத்தில் உறுப்பினர் வீடு அடுத்த தெருவில் இருந்தது. இன்று தம் பகுதியின் உறுப்பினர் யாவர் என்று கேட்டால் விடை சொல்ல வல்லார் எத்தனை பேர்? ஒன்றுபட்ட ஆட்சிக்கு வாக்குரிமை முன்னினும் மிகுதியாக வேண்டப்படுவது இதனாலேயே.

போலந்து நாட்டைப் பாருங்கள். அங்கும் ஒரு சிறு நகரையும் சூழ்ந்த கிராமங்களையும் சேர்த்து ஒரே ஸ்தல ஆட்சியாக அமைக்கும் முறை உண்டு. அவ்வட்டாரத்திற்கு க்மினா என்பது பெயர். பொதுவுடைமைக் கட்சியின் தனியாட்சி வீழ்ந்த பின், 1990-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சட்டம் செய்தனர். மே மாதத்திலேயே தேர்தலும் நடத்தினர். சபையை மக்கள் தேர்ந்தெடுக்கின்றனர். 2002-ஆம் ஆண்டு முதல் தலைவரையும் மக்களே நேராகத் தேர்ந்தெடுக்கின்றனர். அதனோடு நின்றதா? நகரின் பெருக்கத்தில் கிராமம் அமிழ்ந்துவிடாதிருக்க ஒவ்வொரு கிராமத்துக்கும் ஊர்க்கூட்டம் உண்டு. ஊரார் கூடித் தம் தலைவரைத் தெரிகின்றனர். சபை ஒப்பினால் வரவு செலவில் ஒரு பகுதியைக் கிராமத்துக்கென ஒதுக்கவும், அதனை எதில் செலவிடுவதென ஊர்க்கூட்டமே முடிவு செய்யவும் 2009-ஆம் ஆண்டுச் சட்டம் வழி வகுத்தது. செபராங் பிறையிலும் போலந்திலும் உடல் ஒன்றே. உயிர்தான் வேறு.

பழம்பெருமை போதுமா?

இதனைச் சொன்னவுடன் நம்மவருட் சிலர், குடவோலை கண்ட குலமன்றோ நாம் என்று மார்தட்டுவர். உத்தரமேரூர்க் கல்வெட்டு பொய்யன்று; முதற் பராந்தகன் காலத்தது அது. ஆனால் குடத்தில் எவர் பெயர் எழுதிய ஓலை விழுந்தது? கால் வேலிக்கு மேல் நிலமும் சொந்த மனையில் வீடும் உடையவனாய், வேதம் கற்றவனாய் இருந்தவன் பெயர் மட்டுமே. உழுதவன் பெயர் இல்லை. நெசவு செய்தவன் பெயர் இல்லை. பெண்ணின் பெயர் இல்லவே இல்லை. அதனைப் பெருமை என்பவர், இன்றைய நியமன முறையை மட்டும் எங்ஙனம் குறை கூறுவர்?

ஈரோட்டு நகரசபைத் தலைவராயிருந்து குடிதண்ணீர்த் திட்டத்தால் பெயர் பெற்றவர் பெரியார் ஈ. வெ. இராமசாமி. 1919-இல் அப்பதவியைத் துறந்த அவர், 1929-ஆம் ஆண்டு டிசம்பரில் பினாங்குத் துறையில் வந்திறங்கினார். அவர் அன்று தோட்டங்களிலும் நகரங்களிலும் தமிழரிடம் விதைத்தது தன்மதிப்பு. தன்மதிப்பு மேடையில் முழங்குவதோடு முடிவதன்று. தன் தெருவின் சாக்கடையைப் பற்றித் தானே முடிவு செய்யும் உரிமையிலும் அது இருக்கின்றது.

பினாங்கு மாநிலம் முயலாமலும் இல்லை. 2012-ஆம் ஆண்டில் தீவிலும் செபராங் பிறையிலும் ஸ்தலத் தேர்தல் நடத்தச் சட்டம் இயற்றியது. 2014-ஆம் ஆண்டு ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. தேர்தல் வந்தால் நகரத்துப் பெரும்பான்மை நாட்டுப்புறத்தாரை விழுங்கிவிடும், இனப்பகை வளரும் என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சத்தை எள்ளி நகையாடுவது அறிவுடைமை ஆகாது. வட்டாரத்துக்கு இத்தனை இடம் என வரையறுத்தும், ஊர்க்கூட்டத்திற்கு உரிமை தந்தும் அதனை நீக்கலாம். வாக்கை மறுப்பது அதற்கு மருந்தாகாது.

எனினும் சட்டம் மாறும்வரை கைகட்டியிருத்தல் வேண்டா. செபராங் பிறைக் கழகம் 2012 முதற்கொண்டு, குடியிருப்போரை, சிறப்பாகப் பெண்களை, அழைத்துத் தேவைகளைக் கேட்டு வரவு செலவு வகுக்கும் முறையைச் சில இடங்களில் மேற்கொண்டது. கேட்கும் செவி சிறிதேனும் திறந்திருக்கையில் பேசாதிருப்பது யார் பிழை? மாக் மண்டின் வாசிகளே, அடுத்த முறை வரிச் சீட்டு வரும்போது தொகையை மட்டும் பார்த்து மடித்து வைத்துவிடாதீர்கள். உங்கள் பகுதியின் உறுப்பினர் யாவர் எனக் கேட்டறியுங்கள். குறையை எழுத்தில் கொடுங்கள். நால்வராய்ச் சென்று விடை கேளுங்கள். கேட்டுப் பழகிய குடிகளிடமிருந்து வாக்கை நெடுநாள் ஒளித்துவைத்தல் எவ்வரசாலும் இயலாது.