பழைய குட்டி விமானம்: வண்ணம் சொல்வது ஒன்று, எலும்பு சொல்வது ஒன்று



அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர் விமானம் ஓட்டும் உரிமம் பெற்றிருக்கிறார். நண்பர்களோடு பங்கு போட்டு 1970களில் செய்த ஒரு செஸ்னா வாங்க எண்ணம். படங்களை அனுப்பி, "சார், ஐம்பது வயசு விமானம் மாதிரியா இருக்கு? புதுசு மாதிரி பளபளக்குது!" என்று எழுதியிருந்தார். நான் இயற்பியல் வாத்தியார், விமான மெக்கானிக் இல்லை. வாங்கு, வாங்காதே என்று சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் பளபளப்பை நம்பலாமா என்ற கேள்விக்குப் பின்னால் சுமார் நூறு வருட வரலாறு இருக்கிறது. அதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், ஐம்பது வயது விமானம் ஏன் இன்னும் விற்பனைக்கு வருகிறது? 1978இல் அமெரிக்கத் தொழிற்சாலைகள் 17,800 சிறு விமானங்கள் வரை விற்றன. 1994இல் அந்த எண்ணிக்கை ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டது. எரிபொருள் விலை, வட்டி, பொருளாதார மந்தம் எல்லாம் காரணங்கள். இன்னொரு பெரிய காரணம் வழக்குகள். முப்பது வருடத்துக்கு முன் செய்த விமானம் விழுந்தாலும் செய்த கம்பெனி மேல் வழக்குப் போடலாம். காப்பீட்டுச் செலவு தாங்காமல் செஸ்னா 1986இல் ஒற்றை எஞ்சின் பிஸ்டன் விமானங்கள் செய்வதையே நிறுத்தியது. 1994இல் ஒரு சட்டம் வந்தது. சிறு விமானம் செய்தவர் மேல் 18 ஆண்டுகளுக்குப் பிறகு பெரும்பாலும் வழக்குப் போட முடியாது என்றது. அதன் பிறகுதான் செஸ்னா மறுபடி உற்பத்தியைத் தொடங்கியது. இடையில் விழுந்த பள்ளத்தால்தான் இன்றும் பறப்பவற்றில் பெரும்பங்கு 60களிலும் 70களிலும் பிறந்தவை. 1956 முதல் இதுவரை 44,000க்கும் மேல் செய்யப்பட்ட செஸ்னா 172தான் இவற்றில் ராஜா.

இவ்வளவு பழைய சரக்கு கைமாறும் இடத்தில் தரகு மொழி ஒன்று பிறக்காமல் இருக்குமா? 1937இல் தொடங்கிய, மஞ்சள் தாளுக்குப் பேர்போன 'டிரேட்-எ-பிளேன்' பத்திரிகை அமெரிக்காவில் விமானச் சந்தை மாதிரி. இத்தகைய விளம்பரங்களில் "பெயின்ட் 8, இன்டீரியர் 7" என்று பத்துக்கு மதிப்பெண் போடுவது வழக்கம். போடுவது யார்? விற்பவரேதான்! தன் விடைத்தாளைத் தானே திருத்தும் மாணவன் எவ்வளவு போடுவான் என்று உங்களுக்கே தெரியும். அதே விளம்பரத்தில் இன்னும் சில எண்கள் இருக்கும். விமானத்தின் உடல் மொத்தம் எத்தனை மணி நேரம் பறந்தது, எஞ்சினை முழுதாகப் பிரித்துச் செப்பனிட்ட பின் எத்தனை மணி நேரம் ஓடியது, விபத்து உண்டா இல்லையா. மாட்டுச் சந்தையில் மினுமினுப்பை விட்டுவிட்டு வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்களே, அந்தப் பல் இந்த எண்கள்தான்.

இனி வரலாற்றுக்கு வருகிறேன்.

1931 மார்ச் 31. கான்சாஸ் மாநிலத்தில் பஸார் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு ஃபாக்கர் விமானம் இறக்கை முறிந்து விழுந்தது. எட்டுப் பேரும் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் நூட் ராக்னி, அமெரிக்காவே கொண்டாடிய கால்பந்துப் பயிற்சியாளர். அது பயணிகள் விமானம், குட்டி விமானம் இல்லை. ஆனாலும் பாடம் பொது. அதன் இறக்கை மரம், மேலே ஒட்டுப்பலகை. உள்ளே ஈரம் புகுந்து பசை விட்டுப்போனால் வெளியே எதுவும் தெரியாது. விபத்துக்குப் பின் அந்த வகை விமானங்கள் தரையிறக்கப்பட்டன. பலகையைப் பெயர்த்து உள்ளே பார்க்க வேண்டும் என்று அரசு சொன்னது. அந்தச் செலவும் பயணிகளின் பயமும் சேர்ந்து மர இறக்கைப் பயணி விமானங்களின் காலத்தை முடித்தன. முழு உலோக விமானங்கள் அந்த இடத்துக்கு வந்தன.

அடுத்தது துணி. 1938 முதல் 1947 வரை சுமார் இருபதாயிரம் செய்யப்பட்ட பைப்பர் ஜே-3 கப் விமானத்தைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். மஞ்சள் உடல், பக்கத்தில் கறுப்பு மின்னல் கோடு. எஃகுக் குழாய் எலும்புக்கூட்டின் மேல் பருத்தித் துணி போர்த்தி, 'டோப்' என்ற பூச்சு பூசி இறுக்கியிருப்பார்கள். நம் நாட்டிலும் இந்த ரகம் உண்டு. பெங்களூரு எச்.ஏ.எல். செய்த புஷ்பக் 1958இல் முதலில் பறந்தது. துணி போர்த்திய இரண்டு பேர் விமானம். நம் பறக்கும் கழகங்களில் எத்தனையோ பேர் கற்றுக்கொண்டது அதில்தான்.

துணியின் எதிரி வெயில். புற ஊதாக் கதிர் நூலை அரித்துவிடும். அதைத் தடுக்க வண்ணத்துக்கு அடியில் அலுமினியத் தூள் கலந்த வெள்ளிப் பூச்சு பூசுவார்கள். கண்ணுக்குத் தெரியும் மஞ்சள் அழகுக்கு, கண்ணுக்குத் தெரியாத வெள்ளி உயிருக்கு! விமானத்துக்கான உயர்தரப் பருத்தித் துணி புதிதாக இருக்கும்போது ஒரு அங்குல அகலத்துக்கு 80 பவுண்டு இழுவை தாங்க வேண்டும். 56 பவுண்டுக்குக் கீழே இறங்கினால் அதைக் கழற்றி எறிய வேண்டும் என்பது விதி. இதைக் கண்ணால் அளக்க முடியாது. முனை கொண்ட ஒரு கருவியால் துணியை அழுத்திச் சோதிப்பார்கள். நைந்த துணியின் மேல் புதுச்சாயம் அடித்தால் பார்வைக்குப் புதுமாப்பிள்ளை போலத்தான் இருக்கும்.

உலோகம் வந்ததும் பிரச்சினை தீர்ந்ததா? இடம் மாறியது, அவ்வளவுதான். அலுமினியம் அரித்தால் வெள்ளைப் பொடி கக்கும், வண்ணம் கொப்பளிக்கும். 60களிலும் 70களிலும் வந்த பல சிறு விமானங்களில் உட்புற அரிப்புத் தடுப்புப் பூச்சு, தனியாகக் காசு கொடுத்தால்தான் கிடைத்த வசதி. கடற்கரை ஊரில் திறந்தவெளியில் நின்ற விமானத்துக்கும் வறண்ட ஊரில் கொட்டகைக்குள் நின்ற விமானத்துக்கும் வயது ஒன்றாக இருக்கலாம், உடம்பு ஒன்றாக இருக்காது.

வண்ணம் அடிப்பதிலேயே இன்னொரு ஆபத்து உண்டு. இறக்கை ஓரத்தில் அசையும் சிறு பலகைகள் கீல் அச்சைச் சுற்றி எடை சமன் செய்யப்பட்டவை. பழைய சாயத்தின் மேலேயே புதுச்சாயம் அடித்தால் பின்பக்கம் எடை கூடும். மறுபடி சமன் செய்யாவிட்டால் வேகத்தில் அவை படபடவென்று அதிரத் தொடங்கி, பலகையே பிய்ந்துபோகலாம். நெம்புகோல் பாடம் ஞாபகம் இருக்கிறதா?

இப்போது எல்லாவற்றையும்விட முக்கியமான நிகழ்ச்சி. 2018 ஏப்ரல் 4, ஃபுளோரிடாவின் டேடோனா பீச். புகழ்பெற்ற எம்ப்ரி-ரிடில் விமானப் பல்கலைக்கழகத்தின் பைப்பர் விமானம் ஒன்றில் மாணவர் உரிமத் தேர்வுக்காகப் பறந்துகொண்டிருந்தார். ஓடுபாதையைத் தொட்டு மீண்டும் எழும்பியதும் இடது இறக்கை கழன்று விழுந்தது. மாணவரும் தேர்வாளரும் இறந்தார்கள். அந்த விமானம் 2007இல் செய்தது, வயது பதினொன்றுதான். பறந்தது சுமார் 7,690 மணி நேரம். இறக்கையைத் தாங்கும் முக்கிய உத்தரத்தின் அடிப்பகுதியில், போல்ட் துளையருகே உலோகச் சோர்வு விரிசல் விட்டிருந்தது. கம்பியைத் திரும்பத் திரும்ப மடக்கினால் ஒடிகிறதே, அதே சங்கதி. அது வழக்கமான சோதனையில் கண்ணுக்குப் படாத இடம்.

2021 தொடக்கத்தில் அமெரிக்க விமான நிர்வாகம் ஓர் உத்தரவு போட்டது. ஆயிரக்கணக்கான பைப்பர் விமானங்களில் பயன்பாட்டுக் கணக்கு 5,000 மணியைத் தொட்டால் அந்தத் துளையைச் சுழல் மின்னோட்டச் சோதனை செய்ய வேண்டும். ஆமாம், பன்னிரண்டாம் வகுப்பில் "இது எதுக்கு சார் உதவும்?" என்று நீங்கள் கேட்ட அதே சுழல் மின்னோட்டம்! விரிசல் இருந்தால் மின்னோட்டம் செல்லும் பாதை மாறும், கருவி காட்டிக்கொடுக்கும்.

அந்தக் கணக்கைக் கவனியுங்கள். பயிற்சிக்கோ வாடகைக்கோ ஓடும் விமானத்துக்கு நூறு மணிக்கு ஒரு சோதனை கட்டாயம். அப்படிச் சோதனைக்கு உட்பட்டுப் பறந்த நேரம் அப்படியே எண்ணப்படும். மற்றபடி சொந்தமாக ஓட்டிய நேரத்தை 17ஆல் வகுத்துக்கொள்ளலாம். தாழப் பறந்து திரும்பத் திரும்பத் தரையிறங்கும் பயிற்சி விமானத்தின் உழைப்பு அவ்வளவு கடுமையானது. எத்தனை வருடம் என்பதைவிட எப்படி வாழ்ந்தது என்பதே கேள்வி.

அதற்காகப் பறக்காமல் சும்மா நிற்பதும் நல்லதல்ல. லைகாமிங் எஞ்சின்களில் வால்வுகளை இயக்கும் தண்டு மேலே இருக்கிறது. மாதக்கணக்கில் நின்றால் எண்ணெய் வடிந்து துரு பிடிக்கும். அதனால்தான் அந்தக் கம்பெனி 2,000 மணி போன்ற கணக்கோடு 12 ஆண்டு என்றும் கெடு வைக்கிறது. "இருபது வருஷத்தில் முன்னூறு மணிதான் ஓடியது" என்பது பெருமைபோலத் தோன்றும். உண்மையில் அது விசாரிக்க வேண்டிய விஷயம்.

ஆகவே வாங்க நினைப்பவர்களுக்கு இந்த வரலாறு சொல்வது இதுதான். முதலில் பதிவேடுகளைக் கேளுங்கள், தொடக்கம் முதல் இன்றுவரை. பக்கங்கள் தொலைந்திருந்தால் விலை குறைய வேண்டும், சந்தேகம் கூட வேண்டும். எந்த ஊரில் நின்றது, பயிற்சிப் பள்ளியில் ஓடியதா என்று கேளுங்கள். புதுச்சாயம் என்றால் ஏன் இப்போது அடித்தார்கள், பலகைகளைச் சமன் செய்தார்களா என்று கேளுங்கள். அரசு உத்தரவுகள் ஒவ்வொன்றும் நிறைவேறியதற்குக் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். விற்பவருக்கு வேண்டியவராக இல்லாத ஒரு மெக்கானிக்குக் கூலி கொடுத்துத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இவ்வளவுக்கும் பிறகு வண்ணத்துக்கு எட்டா, ஏழா என்று ரசித்துக்கொள்ளலாம். மங்கிய சாயத்தை எப்போது வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம், விரிசல் விட்ட உத்தரத்துக்கு நடுவானில் மருந்து கிடையாது.

விமானப் பராமரிப்புத் துறையில் இருக்கும் நம் மாணவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். நான் விட்டதை நீங்கள் கமெண்டில் சேர்த்து எழுதுங்கள். வாத்தியார் என்று தயங்க வேண்டாம். இதில் நீங்கள்தான் எனக்கு ஆசிரியர்கள்.