கரிசல் மண்ணில் ஒரு வாசிப்பு மரபு

பங்கு மக்களின் இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போது பெற்றோர் பலர் ஒரே முறையீட்டை வைக்கின்றனர். "சாமி, பிள்ளைங்க கைப்பேசியை விட்டுக் கண்ணை எடுக்கிறதில்லை. ஏதாவது வாசிக்கச் சொல்லுங்க" என்பர். "என்ன வாசிக்கச் சொல்லட்டும்?" என்று கேட்டால், பொது அறிவு நூல்கள், போட்டித் தேர்வு நூல்கள் என்று பட்டியல் நீளும். "கதைப் புத்தகம் வாங்கிக் கொடுக்கலாமே" என்றால், ஒரு நொடி மௌனம். பிறகு, "அதனால என்ன பிரயோஜனம் சாமி?" என்ற கேள்வி வரும்.

இக்கேள்வியை எழுப்புவோரை நான் குறை சொல்வதற்கில்லை. ஒரு காலத்தில் நானும் இதே கேள்வியைக் கேட்டவன்தான். அதனால் விளைந்த ஒரு தவற்றையும் இக்கட்டுரையில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு முன், நாம் வாழும் இந்தக் கோவில்பட்டிக் கரிசல் பூமியின் வரலாறு அக்கேள்விக்கு என்ன விடை தருகிறது என்று பார்ப்போம்.

கரிசல், மழையை நம்பிய மண். ஆண்டுக்குச் சராசரியாக 700 மில்லிமீட்டரையொட்டிப் பெய்யும் மழையில் பெரும்பகுதியை வடகிழக்குப் பருவக்காற்றே கொண்டு வருகிறது. மானாவாரி வேளாண்மையை ஆராய்வதற்கென்று 1901-ஆம் ஆண்டிலேயே கோவில்பட்டியில் ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு. தை, மாசியில் அறுவடை. பருத்தி எடுப்பு மட்டும் பங்குனி, சித்திரை வரை நீளும். அதன் பின்னர்க் கோடை உழவைத் தவிரச் சம்சாரிக்குக் காட்டில் பெரிய வேலை கிடையாது. வானத்தைப் பார்த்துக் காத்திருக்கும் அந்த நீண்ட மாதங்களில் வளர்ந்தவைதாம் இம்மண்ணின் கதைகள்.

அக்காலத்துச் சம்சாரியின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். விடியலில் வேப்பங்குச்சி, காலையில் சின்ன வெங்காயத்தோடு கம்மங்கஞ்சி, காட்டுக்கு நடை, உச்சி வெயிலில் மர நிழல், பொழுது அடைந்தபின் ஊர்ச் சாவடியிலோ மடத்துத் திண்ணையிலோ கதை. உடல் நலத்துக்கு உகந்தது என்று எவரும் அவருக்கு எழுதிக் கொடுக்கவில்லை. பல் துலக்குவதும் கஞ்சி குடிப்பதும் போலக் கதை கேட்பதும் அன்றாடப் பழக்கங்களுள் ஒன்றாக இருந்தது. அதைக் கேளிக்கை என்றோ கல்வி என்றோ அவர் பிரித்துப் பார்த்ததில்லை.

ஆயினும் ஓர் உண்மையை மறைத்தலாகாது. அந்தத் திண்ணையில் எல்லாருக்கும் இடம் இருந்ததில்லை. பெண்கள் அடுப்படியோடு நின்றனர். ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட மக்களுக்குச் சாவடியில் அமரும் உரிமை இல்லை. ஓய்வும் கதையும்கூட நம் சமூகத்தில் சிலருக்கே வாய்த்த செல்வமாக இருந்தன. இதை நினைவிற்கொண்டே மேலே செல்வோம்.

இம்மண்ணின் கதை விருப்பத்தோடு நம் திருச்சபைக்கும் பழைய தொடர்பு உண்டு. கோவில்பட்டிக்கு அருகில் உள்ள காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவரைத் 'தேம்பாவணி'யின் ஆசிரியராகவும், 1732-இல் 'சதுரகராதி'யைத் தந்தவராகவும் நாம் போற்றுகிறோம். ஆனால் குருவையும் அவருடைய ஐந்து சீடர்களையும் வைத்து வாசிப்போரை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்த 'பரமார்த்த குருவின் கதை'யும் அவர் எழுதியதே. மக்கள் பேசும் தமிழைக் கற்க விரும்பிய மறைப்பணியாளர்களுக்குத் துணையாகவே அதனை ஆக்கினார். ஆறு தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் சோதித்துப் பார்ப்பதும், பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்பி வாங்குவதுமான அக்கதை 1822-ஆம் ஆண்டில் லண்டனில் அச்சேறியது. காவியம் பாடிய கை, சிரிப்புக் கதை எழுதுவதைத் தாழ்வாகக் கருதவில்லை. சிரித்துக்கொண்டே கற்பது மனத்தில் நிற்கும் என்பதை அம்முனிவர் அறிந்திருந்தார்.

இனி, இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். கோவில்பட்டிக்குத் தெற்கே, திருநெல்வேலி செல்லும் நெடுஞ்சாலையோரம் இடைசெவல் என்னும் சிற்றூர் இருக்கிறது. 1923-ஆம் ஆண்டு செப்டம்பர் 16 அன்று கி. ராஜநாராயணனும், அதே மாதம் 23 அன்று கு. அழகிரிசாமியும் அவ்வூரில் பிறந்தனர். ஒரு வார இடைவெளியில் பிறந்த இருவரும் உயிர் நண்பர்களாயினர். முன்னவர் உயர்நிலைப் பள்ளியை முடிக்காத சம்சாரி. இளமையில் காசநோய் அவரைப் பற்றியது. அந்நோய்க்கு இன்றுள்ள மருந்துகள் அன்று இல்லை. ஓய்வும் நல்ல உணவும் நல்ல காற்றுமே மருந்து. பின்னவர் பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, அதை விட்டுவிட்டுச் சென்னைக்குப் பத்திரிகைப் பணிக்குச் சென்றவர்.

பட்டமோ பதவியோ கருதி இவர்கள் வாசிக்கவில்லை. கிடைத்த புத்தகத்தை ஒருவர் படித்து மற்றவரிடம் தருவதும், படித்ததைப் பற்றிப் பேசுவதும், இசை கேட்பதும் அவர்களுடைய நாள்களை நிரப்பின. நண்பர் சென்னைக்குச் சென்ற பிறகு கடிதங்கள் அந்தப் பேச்சைத் தொடர்ந்தன. அழகிரிசாமி எழுதிய கடிதங்களைக் கி.ரா. பத்திரமாக வைத்திருந்ததால் அவை பின்னாளில் நூலாகவே வெளிவந்தன. ஒரு நல்ல பழக்கத்தைத் தனியொருவராகக் காப்பது கடினம். துணை ஒன்று இருந்தால் எளிது. நடைப்பயிற்சிக்கு மட்டுமன்று, வாசிப்புக்கும் இது பொருந்தும்.

இவ்விருவரும் குற்றாலத்துக்குத் தேடிச் சென்று பழகிய பெரியவர் 'ரசிகமணி' டி.கே. சிதம்பரநாத முதலியார். 1882-இல் பிறந்த அவர், 1920-களில் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் இருந்த தம் இல்லத்தில் நண்பர்களைக் கூட்டிக் கவிதை இன்பத்தைப் பகிர்ந்துகொண்டார். 'வட்டத்தொட்டி' என்று புகழ்பெற்ற அக்கூட்டத்தில் தேர்வும் இல்லை, பட்டமும் இல்லை. கம்பரின் ஒரு பாடலை எடுத்து, வாய்விட்டு மெதுவாக, மீண்டும் மீண்டும் சொல்லிச் சுவைப்பார்கள். எத்தனை பாடல்கள் முடிந்தன என்று எவரும் எண்ணவில்லை. நாளொன்றுக்குப் பத்துப் பக்கம் என்று கணக்கிட்டு விழுங்கும் வாசிப்பு ஒரு வகை; ஒரு பக்கத்தோடு அரை மணி நேரம் அமர்ந்திருப்பது மற்றொரு வகை. பின்னதை நம் தென்பாண்டி மண்ணுக்குப் பழக்கிய பெருமை டி.கே.சி.யைச் சாரும்.

இடைசெவல் நண்பர்களின் வாசிப்பு எங்கே கொண்டு சேர்த்தது என்பதும் வரலாறு. கி.ரா.வின் கதைகள் 1950-களின் இறுதியில்தான் வெளிச்சம் காணத் தொடங்கின. 1976-இல் 'கோபல்ல கிராமம்' வந்தது. 1982-இல் அவர் தொகுத்த வட்டார வழக்குச் சொல்லகராதி வெளிவந்தது. வீரமாமுனிவரின் 'சதுரகராதி'க்குச் சரியாக 250 ஆண்டுகளுக்குப் பின், இதே வட்டாரத்தோடு தொடர்புடைய ஒருவர் மக்களின் சொற்களைத் திரட்டித் தந்தார். பள்ளியை முடிக்காத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் வருகைதரு பேராசிரியராக அழைத்துக்கொண்டது. காசநோயில் வாடிய அந்த இளைஞர் தொண்ணூற்றைந்து வயதைக் கடந்தும் எழுதி, 2021-ஆம் ஆண்டு மே 17 அன்று மறைந்தார். அரசு மரியாதையோடு அவரது உடல் இடைசெவலில் அடக்கம் பெற்றது.

சாகித்திய அகாதெமி விருது 1970-இல் அழகிரிசாமிக்கும், 1991-இல் கி.ரா.வுக்கும், 2014-இல் பூமணிக்கும், 2019-இல் சோ. தர்மனுக்கும் கிடைத்தது. மழை மறைவுப் பகுதி என்று ஒதுக்கப்பட்ட ஒரு சிறு வட்டாரத்துக்கு நான்கு விருதுகள்! இவர்களுள் சோ. தர்மன் நூற்பாலைத் தொழிலாளியாக இருந்தவர். ஒரு காலத்தில் சாவடித் திண்ணை எல்லாரையும் அமர விடவில்லை என்றேன். புத்தகமோ, கையில் எடுத்தவர் எவராயினும் அவருக்கு இடம் கொடுத்தது.

அழகிரிசாமி 1970-ஆம் ஆண்டு ஜூலை 5 அன்று, நாற்பத்தாறே வயதில் காலமானார். அவருக்கு விருது பெற்றுத் தந்த தொகுதியின் தலைப்புக் கதை 'அன்பளிப்பு'. பத்திரிகை அலுவலகத்தில் பணிபுரியும் ஒருவர் அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குப் புத்தகங்கள் கொண்டு வந்து கொடுக்கிறார். அவர் வந்தாலே குழந்தைகள் மொய்த்துக்கொள்கின்றனர். அவர்களுள் சாரங்கன் என்னும் சிறுவனுக்கு மட்டும் அவர் அன்பளிப்பு எதுவும் தருவதில்லை. அவனை அவர் வெறுத்தாரில்லை. அவன் மனம் அவர் கண்ணில் படவில்லை, அவ்வளவே. கடைசியில் அச்சிறுவன் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துச் சென்று, தானே ஒரு டைரியை எடுத்து நீட்டி, அது தனக்கு அன்பளிப்பு என்று அவர் கையாலேயே எழுதித் தரச் சொல்கிறான். இக்கதையை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு முகம் நினைவுக்கு வருகிறது.

குருப்பட்டம் பெற்ற புதிதில் ஒரு கரிசல் கிராமத்தில் மாணவர் விடுதிக்குப் பொறுப்பாக இருந்தேன். ஒருநாள் இரவுப் படிப்பு வேளையில், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் புவியியல் புத்தகத்துக்குள் துப்பறியும் நாவல் ஒன்றை மறைத்து வாசித்துக்கொண்டிருந்தான். பிடுங்கி என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். எல்லார் முன்னிலையிலும் கண்டித்தேன். அது வாடகை நூல் நிலையத்தில் எடுத்த புத்தகம் என்பதும், அதற்குரிய விலையை அவனே கட்ட வேண்டி வந்தது என்பதும் பிறகுதான் தெரிந்தன. அடுத்த ஆண்டு, தந்தையின் கடன் சுமையால் படிப்பை நிறுத்திவிட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குக் கட்டை அடுக்கப் போய்விட்டான்.

சில ஆண்டுகளுக்கு முன், ஆகஸ்ட் 15 அன்று காமநாயக்கன்பட்டிப் பரலோக மாதா திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் என் கையைப் பற்றினார். அருகில் அவர் மகள். "சாமி, என்னைத் தெரியுதா? அந்தக் கதையில கொலை செஞ்சது யாருன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது சாமி!" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரிக்க முயன்றேன். "இப்போது ஏதாவது வாசிப்பது உண்டா?" என்று கேட்டேன். "அதுக்கப்புறம் கதைப் புத்தகமே எடுக்கலை சாமி" என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதனால்தான் அச்சொல் என்னை அதிகம் வருத்தியது.

மானுட மனத்தை அறிய உதவும் நூல்களை ஒரு சிறுவனிடமிருந்து பறிப்பதும் ஒருவகை வறுமையை அவன்மேல் சுமத்துவதே என்பதை நான் தாமதமாகவே உணர்ந்தேன். திருத்தந்தை பிரான்சிஸ் 2024-ஆம் ஆண்டு ஜூலை 17 தேதியிட்டு, இலக்கியம் மனிதரை உருவாக்கும் பாங்கினைப் பற்றி ஒரு மடல் எழுதினார். குருத்துவப் பயிற்சியில் இலக்கியத்தை வெறும் பொழுதுபோக்காகக் கருதி ஒதுக்குவதை அதில் அவர் வருத்தத்தோடு சுட்டினார். 1964, 1965-ஆம் ஆண்டுகளில் தாம் பள்ளியில் இலக்கியம் கற்பித்தபோது, பாடத்திட்டத்திலிருந்த பழங்காவியத்தை வீட்டில் படிக்கச் சொல்லிவிட்டு, மாணவர் விரும்பிய எழுத்தாளர்களை வகுப்பில் எடுத்துக்கொண்டதாகவும் நினைவுகூர்ந்தார். விருப்பத்தில் தொடங்கும் வாசிப்பே நிலைக்கும் என்பது அவரது அனுபவம். துப்பறியும் நாவலில் தொடங்கியவன் நாளை 'கோபல்ல கிராம'த்துக்கு வந்திருக்கக்கூடும். வராவிட்டாலும் என்ன? ஒரு சிறுவன் ஒரு கதையின் முடிவை அறிந்து மகிழ்ந்திருப்பான். அதுவே போதுமானதன்றோ!

அன்பார்ந்த வாசகர்களே, இதற்குப் பெருமுயற்சி எதுவும் வேண்டியதில்லை. இரவு உணவுக்குப் பின் அரை மணி நேரம் கைப்பேசியை அறைக்கு வெளியே வைத்துவிட்டு ஒரு கதையை எடுங்கள். ஒருவர் வாய்விட்டு வாசிக்க மற்றவர் கேட்கட்டும். நாள் முழுவதும் தீப்பெட்டிக் கட்டை அடுக்கிக் களைத்து வரும் தாய்க்கு எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாவிட்டாலும், மகள் வாசிப்பதைக் கேட்க முடியும். நூலில் வரும் நீதி என்ன என்று உடனே கேட்டுவிடாதீர்கள். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேளுங்கள்.

எங்கள் பங்கு இல்லத் திண்ணையில் இப்போது ஒரு புத்தக அலமாரி இருக்கிறது. ஞாயிறு மாலைதோறும் சிறுவரும் பெரியவரும் அங்கே அமர்ந்து வாசிக்கின்றனர். அன்று நான் பிடுங்கிய நாவலின் பெயர் எனக்கு நினைவில்லை. ஆகவே அதைத் தேடி வாங்கி அவர் கையில் கொடுக்க இயலவில்லை. அதற்கு ஈடாகச் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தோன்றியது: அந்த அலமாரிக்கு நான் பூட்டுப் போடவில்லை.