தடித்த எஃகுத் தகடு வளைத்தல்

தடித்த எஃகுத் தகட்டை வெட்டி ஒட்டாமல், விசையாலோ சூட்டாலோ நிரந்தரமாக மடக்குவதும் வளையமாக்குவதும் இத்தலைப்பில் அடங்கும். வணிகத்தில் ஏறத்தாழ 5 மி.மீ.யிலிருந்து ‘பிளேட்’, அதற்குக் கீழே ‘ஷீட்’. மெல்லிய ஷீட்டைக் கையாலும் ஒரு கட்டையாலும் மடக்கிவிடலாம். பிளேட்டுக்கு அது நடக்காது. பெரிய ஆலைகளில் பிரஸ் பிரேக்கும் உருளை எந்திரமும் செய்யும் இவ்வேலையைக் கன்னியாகுமரி மாவட்டத்தில் வெல்டிங் பட்டறைக்காரர்களும் கொல்லர்களும், வீட்டுப் புறக்கடையில் சிறு பட்டறை வைத்திருப்பவர்களும் ஜாக்கி, சம்மட்டி, கேஸ் டார்ச் கொண்டு செய்கிறார்கள்.

மாவட்டப் பின்னணி

இந்த மாவட்டத்தின் இரும்பு வரலாறு என்றதும் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையைச் சொல்வது வழக்கம். 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, பின்னர் அவருடைய தளபதியான டி லனோயின் மேற்பார்வையில் அங்கே பீரங்கி வார்ப்புச் சாலை நடந்தது. ஆனால் வார்ப்பு வேறு, வளைப்பு வேறு. வளைப்பின் நேரான முன்னோடியைத் தேடினால் கோட்டைக்குப் போக வேண்டியதில்லை, மாட்டு வண்டிக்குப் பட்டா போட்ட கொல்லப்பட்டறைக்குப் போனால் போதும்.

ஐந்தடி விட்டமுள்ள மரச் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 4.8 மீட்டர். அந்த நீளத்துக்குத் தடித்த இரும்புப் பட்டையை வளையமாக வளைத்து, முனைகளைச் சேர்த்து, சக்கரத்தைவிடச் சற்றுச் சிறிதாகவே வைத்துக்கொள்வார்கள். வளையத்தைச் சுற்றித் தீ மூட்டிப் பழுக்கக் காய்ச்சுவார்கள். 600 டிகிரி சூடேறினால் அதன் சுற்றளவு 35 மி.மீ.க்குக் குறையாமல் கூடும். அந்தச் சூட்டிலேயே குறடுகளால் பல பேர் தூக்கி வந்து சக்கரத்தில் மாட்டி, அடித்து இறக்கித் தண்ணீர் ஊற்றினால் பட்டா சுருங்கி, ஆரக்கால்களும் வட்டையும் ஒன்றோடொன்று இறுகும். ஆணிக்கு அங்கே பெரிய வேலையில்லை. டயர் வண்டிகள் வந்தபின் இந்தக் காட்சி அருகிவிட்டது.

தகடு வளைப்பின் மறு கோடியும் இதே மாவட்டத்தில்தான் நிற்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றை நம்பி முப்பந்தலில் எழுந்த காற்றாலைகளில் பழையவை பல, ஆங்கிள் கட்டிய கூண்டுக் கோபுரங்கள். பின்னர் வந்த குழாய்க் கோபுரங்கள் தடித்த தகட்டை உருளைகளுக்கிடையே விட்டு வட்டமாக்கி, வளையத்தின்மேல் வளையமாகப் பற்றவைத்தவை. மூன்று உருளை எந்திரத்தில் தகட்டின் இரு முனைகளும் வளையாமல் நேராக நின்றுவிடும். உருளைக்கு அப்பால் பிடிமானம் இல்லாததே காரணம். எனவே முனைகளை முன்கூட்டியே வளைத்துக்கொள்கிறார்கள். வண்டிப் பட்டையை உருளையில் விடும் கொல்லரும் முனையை முதலில் பட்டடைக்கல்லில் அடித்து வளைத்தே தொடங்க வேண்டும். கோபுரத்துக்கும் வண்டிக்கும் அளவில்தான் வேறுபாடு, குறை ஒன்றே.

விசைக் கணக்கு

புதிதாக இறங்குபவர் தடிமனைப் பார்த்து மலைப்பார். உண்மையில் திணறவைப்பது மடிப்புக் கோட்டின் நீளம். கைகொடுப்பது தகடு உட்காரும் இரு தாங்கிகளுக்கிடையே உள்ள இடைவெளி. இதை ‘வாய்’ என்று வைத்துக்கொள்ளலாம். தொழிலில் புழங்கும் தோராயச் சூத்திரம்: இழுவலிமையைத் தடிமனின் வர்க்கத்தாலும் மடிப்பு நீளத்தாலும் பெருக்கி, வாயின் அகலத்தால் வகுத்து, 1.42-ஆல் பெருக்க வேண்டும்.

சாதாரண எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) தகட்டின் இழுவலிமையை 450 மெகாபாஸ்கல் எனக் கொள்வோம். 10 மி.மீ. தடிமன், 100 மி.மீ. அகலமுள்ள பட்டையை 80 மி.மீ. வாயில் மடக்க ஏறக்குறைய 8 டன் விசை போதும். அதே தகடு 250 மி.மீ. அகலமானால் 20 டன், அதாவது ஒரு லாரி ஜாக்கியின் முழு பலம். ஒரு மீட்டர் அகலமென்றால் 80 டன். வீட்டுப் பட்டறை அதைத் தொடக் கூடாது. வாயை 120 மி.மீ. ஆக்கினால் 100 மி.மீ. பட்டைக்கு 8 டன் தேவைப்பட்ட இடத்தில் ஐந்தரை டன்னுக்கும் குறைவாகப் போதும். ஆனால் மடிப்பு கூர்மை குறைந்து உருண்டு வரும்: உள் ஆரம் வாயின் ஆறில் ஒரு பங்கை ஒட்டியிருக்கும் என்பது பொது விதி.

பொதுவாகத் தடிமனைப்போல் எட்டு முதல் பத்து மடங்கு வாய் வைப்பார்கள். இந்த விகிதத்தைக் காத்தால், தடிமன் இரட்டிக்கும்போது விசையும் இரட்டிக்குமே தவிர நான்கு மடங்காகாது.

ஜாக்கிச் சட்டம்

வீட்டுப் பட்டறைக்கு உகந்த கருவி, சேனல் இரும்பால் பற்றவைத்த நிமிர்ந்த சட்டமும் அதற்குள் 20 டன் ஜாக்கியும்தான். கீழே இரண்டு தடித்த உருட்டுக் கம்பிகளை இணையாக வைத்தால் அதுவே வாய். மேலே அமுக்கும் துண்டின் முனையை உருட்டித் தேய்த்திருக்க வேண்டும். கூராக இருந்தால் தகட்டில் வெட்டு விழுந்து, அங்கேயே விரிசல் தொடங்கும். ஜாக்கி மையக்கோட்டிலிருந்து விலகியிருந்தால் தகடு ஒரு பக்கமாக நழுவும். 20 டன் ஏற்றத்தில் ஒரு பற்றவைப்பு விட்டுப்போனால் துண்டுகள் தெறிக்கும் என்பதால், எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நின்றே கைப்பிடியை அடிப்பது அறிவு.

விசையை எடுத்ததும் தகடு ஒன்றிரண்டு டிகிரி பின்வாங்கும். 90 டிகிரி வேண்டுமென்றால் 88 வரை அமுக்கிவிட்டு மூலைமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். ஆரம் பெரிதானால் பின்வாங்கலும் கூடும். லாரி வில்பட்டையை இப்படிக் குளிர்ந்த நிலையில் மடக்க முயல்வது வீண். அது ஒன்று பழையபடி நிமிரும், அல்லது சட்டென்று ஒடியும். வெட்டுகத்திக்கு அதுவே அருமையான இரும்பு, ஆனால் உலைக்குப் போனபிறகு.

விரிசல்

10 மி.மீ. தகட்டை 13 மி.மீ. உள் ஆரத்தில் மடக்கினால் வெளிப்புறம் ஏறக்குறைய 28 விழுக்காடு நீள்கிறது. ஐ.எஸ். 2062 தரத்தின் சாதாரண எஃகுக்குக் குறைந்தபட்ச நீட்சி 23 விழுக்காடு என்கிறது சோதனைச் சான்று. அப்படியானால் ஒடிய வேண்டாமா? அந்த 23 ஒரு குறிப்பிட்ட நீளத்தின் சராசரி. ஓரிடத்தில் மட்டும் எஃகு அதைவிட அதிகம் நீளத் தாங்கும். ஆனால் கையிருப்பு அதிகமில்லை என்பதையும் இதே கணக்கு சொல்கிறது. அதனால்தான் விளிம்பு முக்கியம். கேஸில் வெட்டிய விளிம்பு கடினப்பட்டிருக்கும்; கிரைண்டரால் ஓரிரு மி.மீ. தேய்த்து மூலையை உருட்டாமல் மடக்கினால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். ஆலையில் தகடு உருட்டப்பட்ட திசைக்குக் குறுக்காக மடிப்புக் கோடு வருவது பாதுகாப்பு.

சூடாக்கி வளைத்தல்

ஜாக்கி போதாதபோது சூடு. 900 டிகிரியை ஒட்டிப் பளிச்சென்ற செஞ்சிவப்பில் எஃகின் எதிர்ப்பு வெகுவாகக் குறையும். கொல்லரின் உலையில் சிரட்டைக் கரி. வெல்டிங் பட்டறையில் ஆக்ஸிஜனோடு அசெட்டிலின் அல்லது சமையல் வாயு. அரைகுறைச் சூடு குளிரைவிட மோசம்: 200 முதல் 350 டிகிரி வரையிலான நீலநிறக் கட்டத்தில் எஃகு நொறுங்கும் தன்மை அடைகிறது. கறுத்துவிட்டால் அடியை நிறுத்தி மறுபடி காய்ச்சுவதே முறை. வில்பட்டை போன்ற கரிமம் கூடிய இரும்பைச் சிவப்பிலிருந்து தண்ணீரில் முக்கினால் கண்ணாடிபோல் உடையும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டைக் காய்ச்சினால் எழும் வெண்புகையை இழுத்தவருக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் வரும். பூச்சைத் தேய்த்து நீக்கியபின், திறந்தவெளியில்தான் தொட வேண்டும்.

இன்னொரு குறுக்கு வழி, மடிப்புக் கோட்டில் கிரைண்டரால் பள்ளம் வெட்டி, மடக்கி, பள்ளத்தைப் பற்றவைத்து நிரப்புவது. வடிவம் கூர்மையாக வரும். கேட்டுக்கும் தாங்கிப் பலகைக்கும் இது போதும். பாரம் தூக்கும் கொக்கிக்கோ வண்டியின் சேஸிஸுக்கோ ஆகாது, ஏனெனில் வலு முழுவதும் பற்றவைப்பின் தரத்தில் தொங்குகிறது.

அளவும் பூச்சும்

மடிப்பின் வெளிப்புறம் நீள, உட்புறம் சுருங்க, இடையே நீளம் மாறாத ஓர் அடுக்கு உண்டு. அது நடுவில் இல்லாமல் சற்று உட்புறமாக நகர்ந்திருக்கும். மேற்சொன்ன 10 மி.மீ. தகட்டில் 90 டிகிரி மடிப்பு மட்டும் ஏறக்குறைய 27 மி.மீ. நீளத்தை எடுத்துக்கொள்ளும், மடிப்பின் இருபுறத்து நேர்நீளத்தோடு இதைக் கூட்டியே வெட்ட வேண்டும். ஒரு சதுர மீட்டர் 10 மி.மீ. தகடு 78.5 கிலோ. கிலோவுக்கு விலை கொடுத்து வாங்கியதைத் தப்பாக வெட்டிவிட்டுத் திரும்ப ஒட்டுவது யாருக்கும் பிடிக்காது.

வளைத்த இடத்தின் வெளிப்புறத்தில், ஆலையில் படிந்த கருஞ்செதில் வெடித்து உதிர்ந்திருக்கும். முட்டம், குளச்சல், சின்னமுட்டம் பக்கத்து உப்புக்காற்றில் துரு முதலில் ஏறுவது அங்கேதான். எஞ்சிய செதிலையும் கம்பி பிரஷால் சுரண்டியெடுத்து, அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுகிறார்கள்.