காந்தி படமும் நம் பள்ளி கேசட்டும்



போன வாரம் பீரோவை ஒழித்தபோது ஒரு பழைய வீடியோ கேசட் கிடைத்தது. நம் பள்ளி ஆண்டு விழா. நாடா முழுக்க வெள்ளையாகப் பூஞ்சை. அதைக் கையில் வைத்திருந்தபோது ஏ.கே. செட்டியார் நினைவுக்கு வந்தார்.

கோட்டையூரில் பிறந்தவர். 'குமரி மலர்' இதழை நடத்தியவர். 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போகும்போது, காந்தியடிகளைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. காந்தியைப் படம் பிடித்தவர்கள் பல நாடுகளில் சிதறிக் கிடந்தார்கள். செட்டியார் சுமார் 1 லட்சம் மைல் அலைந்து 50,000 அடி படச்சுருள் சேர்த்தார். அதிலிருந்து 12,000 அடியைத் தொகுத்து, 1940 ஆகஸ்டில் வெள்ளையர் ஆட்சியிலேயே சென்னையில் தமிழில் வெளியிட்டார்.

அந்தத் தமிழ்ப் படம் இன்று கிடைக்கவில்லை. பின்னாளில் அமெரிக்காவில் வெளியான ஆங்கில வடிவத்தின் பிரதியைத்தான் வரலாற்றாசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதி சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார். ஒரு பிரதி கடல் கடந்து போயிருந்ததால் அதுவாவது மிஞ்சியது.

அக்காலப் படச்சுருள் நைட்ரேட்டால் ஆனது. எளிதில் தீப்பற்றும். நம் வெயிலிலும் ஈரக்காற்றிலும் பிசுபிசுத்து, ஒட்டிக்கொண்டு, கடைசியில் பொடியாகிவிடும். அதிலுள்ள வெள்ளிக்காகப் பழைய சுருள்களை எடைக்குப் போட்டவர்களும் உண்டு. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியதே 1964-இல்தான். நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' இல்லை. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' இல்லை.

நம் மேல்சித்தாமூர்க்காரர்களுக்கு இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சமண மடத்துச் சுவடிகளை நினைத்துப் பாருங்கள். பனை ஓலையும் செல்லரிக்கும், ஒடியும். அது கெடுவதற்குள் இன்னொருவர் உட்கார்ந்து புது ஓலையில் படியெடுத்தார். அப்படிச் சமணர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்த ஏடுகள் இருந்ததால்தான் 1887-இல் உ.வே.சா. சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவர முடிந்தது. பூட்டி வைத்ததால் மட்டும் எதுவும் பிழைக்கவில்லை, படியெடுத்ததால் பிழைத்தது.

நானோ கேசட்டைப் பூட்டி வைத்துவிட்டுப் பத்திரமாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த விழாவில் பேசிய தலைமையாசிரியர் ஐயா இன்று நம்மிடையே இல்லை. அவர் குரல் எனக்குத் தெரிந்து அந்த நாடாவில் மட்டும்தான் இருக்கிறது.

அன்று உங்களில் சிலரும் பிரதி வாங்கினீர்கள். யாரிடமாவது இருந்தால் தெரிவியுங்கள். பூஞ்சை பிடித்திருந்தால் போட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள், நாடா அறுந்துவிடும். சுத்தம் செய்து கணினிக்கு மாற்றித் தருபவர்களிடம் கொடுங்கள். கல்யாண கேசட்டுகளுக்கும் இதே கதைதான். மாற்றிய பிறகு இரண்டு வீடுகளிலாவது பிரதி இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்