212 ஃபைலும் ஒரு புளிச்ச வாடையும்

கார்டை ரீடரில் செருகியதும் 212 ஃபைலும் வரிசையாக வந்து நின்றன. பெயர் சரி, தேதி சரி, ஒவ்வொன்றும் எட்டு எம்பி சொச்சம் என்று அளவும் சரி. முதல் 61 படங்கள் திறந்தன. 62-வது படத்தில் மேல்பாதி மட்டும் இருந்தது, கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறம். அதற்குப் பிறகு ஒன்றுகூடத் திறக்கவில்லை.

அவை என் படங்கள் என்றால் இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது. ஆவடி டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரின் ஆல்பங்களை, அம்பத்தூரில் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படம் எடுத்திருந்தேன். கறுப்புத் தாளில் மூலை ஒட்டி வைத்த பழைய பிரிண்டுகள். அறுபது எழுபது வருஷம் ஆகியும் முகம் முகமாகத் தெரிந்தன. 1955 ஜனவரியில் ஆவடியில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுப் பந்தலுக்கு முன்னால் அரை டிராயரில் நிற்கும் பையன் அவர்தான். யு.என். தேபர் தலைமை வகிக்க, "சோஷலிச பாணி சமுதாயம்" தீர்மானம் நிறைவேறிய மாநாடு அது. வரலாற்றுப் புத்தகங்களில் தீர்மானம் இருக்கிறது. பந்தலுக்கு வெளியே வேர்க்கடலை விற்றவர்களின் முகம் அந்த ஆல்பத்தில்தான் இருந்தது.

இரண்டு வாரம் கழித்துதான் கார்டைத் திறந்தேன். அதற்குள் வீடு கைமாறி, சாமான்கள் காலியாகி, ஆல்பங்கள் பழைய பேப்பரோடு போய்விட்டிருந்தன. "நீங்கதான் எல்லாத்தையும் எடுத்துட்டீங்களே சார்" என்றார் பெரியவர். என்ன பதில் சொல்வது?

கார்டுக்கு என்ன ஆச்சு?

முதலில் கார்டு கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். மீட்டெடுக்கும் மென்பொருளை ஓட்டினேன். போட்டோரெக் என்று ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது. அது ஃபைல் பட்டியலை நம்பாது. கார்டை முதலிலிருந்து கடைசிவரை படித்து, ஜேபெக் படம் தொடங்கும் அடையாள பைட்டுகள் எங்கே இருக்கின்றன என்று தேடி எடுக்கும். பட்டியல் மட்டும் அழிந்து படம் உள்ளே இருந்தால் இந்த வழியில் பெரும்பாலும் திரும்பக் கிடைத்துவிடும். நண்பர் ஒருவர் தவறுதலாக ஃபார்மேட் பண்ணிய கல்யாணக் கார்டு அப்படித்தான் பிழைத்தது. பெயர்கள் போய்விட்டன, படங்கள் வந்தன.

என் கதை அதற்கு நேர் எதிர். பட்டியல் இருக்கிறது, படம் இல்லை. மீட்டெடுத்ததிலும் அதே 61-தான் வந்தது. அப்புறம் கார்டைச் சோதிக்கும் எச்2டெஸ்ட்-டபிள்யூ என்ற சின்ன மென்பொருளைப் போட்டேன். அது கார்டு நிரம்பும்வரை தரவை எழுதி, பிறகு எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும். சில மணி நேரம் கழித்து விடை கிடைத்தது. 64 ஜிபி என்று அச்சடித்திருந்த அந்தக் கார்டுக்குள் உண்மையில் இருந்தது 8 ஜிபி.

மெமரி கார்டுக்குள் இரண்டு பொருள் இருக்கின்றன. ஒன்று தரவு தங்கும் சில்லு, இன்னொன்று கேமராவோடு பேசும் கன்ட்ரோலர். "உன்னிடம் எவ்வளவு இடம் இருக்கு?" என்று கேமரா கேட்டால் பதில் சொல்வது கன்ட்ரோலர். அதைப் பொய் சொல்லப் பழக்கிவிட்டால் கேமராவுக்கும் கம்ப்யூட்டருக்கும் தெரியாது. எட்டு ஜிபிக்கு மேல் வரும் தரவை "வாங்கிக்கொண்டேன்" என்று சொல்லிவிட்டு விட்டுவிடும், இல்லையென்றால் பழையதன் மேலேயே எழுதும். ஃபைல் பட்டியல் கார்டின் முன்பகுதியில், உண்மையான சில்லு இருக்கும் இடத்தில் இருப்பதால் அது மட்டும் ஒழுங்காகத் தெரியும். அதனால்தான் என் கார்டில் முன்பே இருந்த, அழிக்கச் சோம்பல்பட்டு விட்டுவைத்த ஏழு ஜிபி தெருப் படங்களும் பஸ் ஸ்டாண்டு படங்களும் பத்திரமாக இருந்தன. தேவையானவை போயின. எழுதப்படாத ஒன்றை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

தப்பு என் மேல்தான். விலை குறைவு என்று பில் இல்லாமல் வாங்கினேன், சோதிக்கவில்லை, காலி செய்யவில்லை, அன்றைக்கே நகல் எடுக்கவில்லை. நாலு தப்பில் ஒன்றைத் தவிர்த்திருந்தாலும் படங்கள் பிழைத்திருக்கும்.

கண்ணாடி, நைட்ரேட், அசிட்டேட், எலெக்ட்ரான்

அந்த வாரம் முழுக்க, கேமரா எதில் எழுதியது என்ற வரலாற்றையே படித்துக்கொண்டிருந்தேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் தெளிவானது. கெட்டுப்போகாத ஊடகம் என்று ஒன்று இருந்ததே இல்லை.

முதலில் கண்ணாடித் தகடு. வேதியியல் ரீதியாக உறுதியானது, கீழே விழுந்தால் முடிந்தது. அப்புறம் வந்த செல்லுலோஸ் நைட்ரேட் ஃபிலிம் எளிதில் தீப்பிடிக்கும், தானாகவே சிதைந்து பிசுபிசுத்துப் பொடியாகவும் ஆகும். 1910-களின் பிற்பகுதியில் ஆர். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த 'கீசக வதம்' இன்று இல்லை. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' இல்லை. 2003 ஜனவரியில் புனே திரைப்படக் கல்லூரி வளாகத்தில் பிடித்த தீயில், ஆவணக் காப்பகத்தின் நைட்ரேட் சுருள்கள் ஏராளமாகச் சாம்பலாயின.

தீப்பிடிக்காத மாற்று என்று 1948-இல் கோடாக் கொண்டுவந்தது செல்லுலோஸ் ட்ரை-அசிட்டேட். "சேஃப்டி ஃபிலிம்" என்றே ஓரத்தில் அச்சடித்திருப்பார்கள். ஆனால் பத்தே வருஷத்துக்குள் அதுவும் சிதைகிறது என்று கோடாக்குக்குப் புகார் போனது. முதல் புகார் எங்கிருந்து தெரியுமா? இந்திய அரசிடமிருந்து. வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் வைத்திருந்த ஃபிலிம் அது. அசிட்டேட் சிதைந்தால் அசிட்டிக் அமிலம் வெளியாகும், அதாவது வினிகரின் அமிலம். அந்த அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும். ஒரு சுருளில் தொடங்கினால் மூடிய டப்பாவில் பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். இதற்கு "வினிகர் சிண்ட்ரோம்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம்ம ஊர் வெயிலும் வேர்வையும்தான் அதை முதலில் காட்டிக்கொடுத்தது.

இந்தியாவிலேயே ஃபிலிம் செய்ய 1960-இல் மத்திய அரசு ஊட்டியில் தொடங்கிய நிறுவனம் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ். 1967-இல் உற்பத்தி ஆரம்பம், "இந்து" என்பது பிராண்டு. பழைய ஸ்டுடியோக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த பெயர். அந்த நிறுவனத்துக்கு எங்கள் அம்பத்தூரிலும் ஒரு பிரிவு இருந்தது என்பது இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. கறுப்பு வெள்ளையிலேயே பெரும்பாலும் நின்றுவிட்ட அதை முதலில் கலர் ஃபிலிமும் பிறகு டிஜிட்டலும் தாண்டிப் போயின. 1990-களில் நலிவடைந்து, கடைசியில் மூடப்பட்டது. ஃபிலிம் மட்டுமல்ல, ஃபிலிம் செய்கிறவர்களும் போய்விட முடியும்.

டிஜிட்டலின் கதையும் இதேதான். 1975-இல் கோடாக்கில் ஸ்டீவ் சாஸன் செய்த முதல் டிஜிட்டல் கேமரா படத்தை எழுதியது கேசட் டேப்பில். ஒரு படம் பதிய 23 விநாடி. இன்று நாம் பயன்படுத்தும் ஃப்ளாஷ் நினைவகத்தை டோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா உருவாக்கி 1984-இல் அறிவித்தார். ஒரு பகுதி முழுவதும் ஒரே நொடியில் அழிவது கேமராவின் ஃப்ளாஷ் மின்னுவதுபோல இருக்கிறது என்று உடன் வேலை செய்தவர் சொன்னதால் வந்த பெயர் அது. கேமரா கார்டுகளில் இருக்கும் நேண்ட் வகை 1987-இல் வந்தது.

அதற்குள் படம் என்பது, மெல்லிய ஆக்சைடு சுவருக்குள் அடைபட்ட எலெக்ட்ரான்கள். எழுதும்போதும் அழிக்கும்போதும் எலெக்ட்ரான்கள் அந்தச் சுவரைத் துளைத்துப் போகவேண்டும். சுவர் தேயும். ஒரு செல்லில் ஒரு பிட் மட்டும் வைத்த பழைய வகை லட்சம் தடவை வரை தாங்கியது. மூன்று பிட் திணிக்கும் இன்றைய மலிவு வகை ஆயிரம் தடவை அளவில்தான். அதோடு, சும்மா வைத்திருந்தாலும் எலெக்ட்ரான்கள் மெல்லக் கசியும், வெப்பத்தில் இன்னும் வேகமாக. மே மாதம் காருக்குள் விட்ட கார்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

கார்டு நன்றாக இருந்தாலும் அதைச் செருக இடம் இல்லாமல் போகும். 1995-இல் வந்த ஸ்மார்ட்மீடியா, 1998-இல் சோனியின் மெமரி ஸ்டிக், 2002-இல் ஒலிம்பஸும் ஃபுஜியும் கொண்டுவந்த எக்ஸ்டி. இவற்றுக்கு ரீடர் தேடி இன்றைக்கு அலைந்து பாருங்கள். 1999-இல் அறிவிக்கப்பட்ட எஸ்டி மட்டும் ஊரெல்லாம் பரவி நின்றது.

ஒரு போன்

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தபோதுதான் பெரியவரின் மகள் கூப்பிட்டார். "தம்பி, அப்பா பீரோவுல ஒரு பிஸ்கட் டப்பா இருந்துச்சு. உள்ள ஃபிலிம் மாதிரி சுருண்டு கிடக்கு. ஒரு மாதிரி புளிச்ச வாடை அடிக்குது. தூக்கிப் போட்டுடவா?"

"அக்கா, தயவுசெஞ்சு போட்டுடாதீங்க. மூடியை மட்டும் திறந்து வெச்சிடுங்க, இதோ வர்றேன்."

ஆவடிக்கு அடுத்த லோக்கலைப் பிடித்தேன். டப்பாவில் 38 நெகட்டிவ் துண்டுகள். சில ஓரம் சுருங்கி அலை அலையாக இருந்தன, வாடை மூக்கில் ஏறியது. இரண்டு மூன்று மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அடியில் ஒரு கசங்கிய அட்டைப்பெட்டி, மேலே "இந்து" என்று பெயர். 1970-களில் அவர் எடுத்தவை: குவார்ட்டர்ஸ், பொங்கல், தண்ணீர் நிறைந்த ஏரிக்கரை, சைக்கிளில் ஷிஃப்டுக்குப் போகிறவர்களின் கூட்டம்.

காங்கிரஸ் மாநாட்டுப் படம் அதில் இல்லை. அது பிரிண்டாக மட்டுமே இருந்தது. அந்தப் படம் ஆல்பத்தில் கடைசிப் பக்கத்துக்குப் பக்கம், என் கார்டில் 190-க்கு மேல். போனது போனதுதான்.

ஆனால் நெகட்டிவ்கள் காத்திருக்கவில்லை, நானும் காத்திருக்கவில்லை. எல்இடி பலகையில் ஒவ்வொரு துண்டையும் வைத்து, மேக்ரோ லென்ஸில் படமெடுத்து, கம்ப்யூட்டரில் நேர்ப்படமாக மாற்றினேன். அன்று இரவுக்குள் மூன்று நகல். ஒட்டியிருந்தவற்றைப் பிரிக்கவில்லை, அதற்குத் தெரிந்தவர்கள் வேண்டும். மற்றவற்றைத் தனித்தனிக் காகித உறையில் போட்டு, வாடை இல்லாதவற்றிலிருந்து தள்ளி வைத்திருக்கிறேன்.

இப்போது நான் செய்வது

நல்ல கார்டு எது என்று கேட்கிறவர்களுக்கு நான் பட்டது இது.

அட்டையில் இருக்கும் வி30, யு3 போன்ற குறிகள் வேகத்துக்கானவை. வி30 என்றால் விநாடிக்குக் குறைந்தது 30 எம்பி எழுதும் என்று பொருள். அது ஆயுளுக்கு உத்தரவாதம் இல்லை. நாள் முழுக்க எழுதி எழுதி அழிக்கும் கார் கேமரா, சிசிடிவி போன்றவற்றுக்கு "ஹை எண்டூரன்ஸ்" என்று தனியாக விற்கும் வகையை வாங்குங்கள். தெரிந்த பிராண்டை, அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம், பில்லோடு வாங்குங்கள். பாதி விலைக்குக் கிடைத்தால் அதற்குக் காரணம் இருக்கும்.

வாங்கியதும், படம் எடுப்பதற்கு முன், கார்டு முழுவதையும் சோதியுங்கள். விண்டோஸில் எச்2டெஸ்ட்-டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3. இரண்டும் இலவசம். பில் தேதி மாறுவதற்குள் செய்தால் திருப்பிக் கொடுக்கலாம்.

ஒரு பெரிய கார்டுக்குப் பதில் இரண்டு சிறிய கார்டு. கேமராவில் இரண்டு ஸ்லாட் இருந்தால் இரண்டிலும் ஒரே படத்தை எழுதச் சொல்லுங்கள். ஃபார்மேட்டை கேமராவிலேயே செய்யுங்கள். விளக்கு மின்னும்போது கார்டை உருவாதீர்கள். ஏதாவது தப்பாகத் தெரிந்தால் அந்த நொடியே படம் எடுப்பதை நிறுத்துங்கள். மேலே எழுதினால்தான் மீட்க முடியாமல் போகும்.

கடைசியாக, புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் சொன்ன 3-2-1 கணக்கு: மூன்று நகல், இரண்டு வகை ஊடகத்தில், ஒன்று வேறு இடத்தில். சாலையில் முட்டளவு தண்ணீர் நிற்கிற எங்கள் பக்கத்தில் அந்த "வேறு இடம்" மிக முக்கியம். என் நகல்களில் ஒன்று இப்போது பூந்தமல்லியில் தங்கை வீட்டு மாடியில் இருக்கிறது.

பெரியவரிடம் நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு 61 படங்களையும், நெகட்டிவ்களிலிருந்து எடுத்தவற்றையும் பிரிண்ட் போட்டுத் தரச் சொன்னார். "கம்ப்யூட்டர்ல வேணாம் சார், காகிதத்துல குடுங்க. அதுதான் இவ்வளவு நாள் இருந்துச்சு."

இரண்டு செட் போட்டேன். ஒன்று அவருக்கு, ஒன்று அக்காவுக்கு.